தண்ணீரில் விழுந்த போனைக் காப்பாற்றுவது: முதல் நிமிடத்திலிருந்து சர்வீஸ் கடை வரை

கிணற்றடி, கழிவறை, வாஷிங் மெஷின், மழையில் நனைந்த சட்டைப் பை. எங்கே நனைந்தாலும் போனை எடுத்தவுடன் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். திரையைத் துடைத்துவிட்டு, பட்டனை அழுத்தி, எரிகிறதா என்று பார்ப்பார்கள். எரியவில்லை என்றால் சார்ஜரில் செருகிப் பார்ப்பார்கள். பிழைத்திருக்க வேண்டிய பல போன்கள் இந்த இரண்டு சோதனைகளில்தான் செத்துப்போகின்றன.

இதைப் படிக்கும்போதே உங்கள் போன் ஈரமாகக் கையில் இருக்கிறது என்றால், அடுத்த பகுதியை மட்டும் படித்து அதன்படி செய்யுங்கள். காரணங்களைப் பிறகு, வேறு போனில் படித்துக்கொள்ளலாம்.

முதல் ஐந்து நிமிடம்

சார்ஜரில் மாட்டியிருக்கும்போது நனைந்திருந்தால், போனைத் தொடுவதற்கு முன் சுவரில் உள்ள ஸ்விட்சை அணையுங்கள். ஈரக் கையால் ஒயரைப் பிடுங்க வேண்டாம். மற்றபடி தண்ணீரிலிருந்து எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

வெளியே எடுத்ததும் திரையை ஒரு துணியால் துடைத்து, உடனே ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். திரை ஈரமாக இருந்தால் டச் ஒழுங்காக வேலை செய்யாது, தானாகவே எங்கெங்கோ அழுந்தும். அதனால்தான் முதலில் துடைக்கச் சொல்கிறேன். இப்போது வரும் போன்களில் பவர் பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தால் பேச்சு உதவியாளர் வந்து நிற்கும். சாம்சங்கில் பவர் பட்டனோடு வால்யூம் குறைக்கும் பட்டனையும், பிக்சல் போன்றவற்றில் வால்யூம் கூட்டும் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். ஐபோனில் பக்கவாட்டு பட்டனோடு ஏதாவது ஒரு வால்யூம் பட்டன். ஆஃப் செய்யும் ஸ்லைடர் வந்ததும் விரலை எடுத்துவிடுங்கள், தொடர்ந்து பிடித்தால் அவசர அழைப்புக்குப் போய்விடும். ரீஸ்டார்ட் வேண்டாம். முழுதாக அணைய வேண்டும்.

திரை சொன்னபடி கேட்கவே இல்லை என்றால் பட்டன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நேராகப் பக்கத்து சர்வீஸ் கடைக்குப் போய், பின்பக்கத்தைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். அதுதான் உண்மையான ஸ்விட்ச் ஆஃப். மூடியைக் கழற்றும் வசதி உள்ள பழைய போனோ பட்டன் போனோ என்றால் நீங்களே பேட்டரியை வெளியே எடுத்துவிடலாம்.

எடுக்கும்போதே அணைந்திருந்ததா? அப்படியே விடுங்கள். 'ஒரே ஒரு தடவை' கூட ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

பிறகு கவரைக் கழற்றுங்கள். கவருக்கும் போனுக்கும் நடுவில் நிற்கும் தண்ணீர் மணிக்கணக்கில் காயாது. பஞ்சு உதிராத பருத்தித் துணியால் முழுதும் துடையுங்கள். சார்ஜ் போடும் துளை கீழே பார்த்தபடி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். துளையில் நின்ற தண்ணீர் சொட்டாக வெளியே வரும். உதறக் கூடாது. வேகமாக உதறினால் வாசலில் நிற்கும் தண்ணீர் உள்ளே ஏறும்.

வெளிப்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சிம் டிரேயைத் திறக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இப்போதைய பல போன்களில் அந்த டிரேயின் ஓரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறது. அதுதான் தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. ஈரத்தோடு உருவினால் நீங்களே வழி திறந்துவிட்டதாகிவிடும். காய்ந்ததும் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துத் துடைத்துத் தனியாக வையுங்கள். இரண்டுமே தண்ணீரை ஓரளவு தாங்கக்கூடியவை. அடுத்த சில நாள் உங்கள் பிழைப்பு அந்தச் சிம்மில் இருக்கிறது, பத்திரம்.

போன் சூடாகிறது, முதுகு உப்புகிறது, சீறும் சத்தமோ விசித்திரமான இனிப்பு வாடையோ வருகிறது என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். மெத்தை, சோபா, திரைச்சீலை அருகில் இல்லாமல், வெளியே சிமெண்ட் தரையிலோ மணலிலோ வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். லித்தியம் பேட்டரிக்குள் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கடைக்கு ஓடும் நேரம் இல்லை அது.

அரிசி மூட்டையை விடுங்கள்

அரிசியில் புதைப்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதனால் பயன் இல்லை, கெடுதலும் உண்டு. அரிசி தன்மேல் படும் தண்ணீரை உறிஞ்சும். போனுக்குள் இருக்கும் தண்ணீர் அரிசியின் மேல் படுவதே இல்லை. உள்ளே சர்க்யூட் போர்டின் மேல் சின்னச் சின்ன உலோக மூடிகள் இருக்கும். தண்ணீர் அவற்றின் அடியிலும், சிப்புகளுக்குக் கீழே உள்ள முடி அளவு இடைவெளியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். வெளியில் அரிசி இருந்தாலும் மணல் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அரிசியின் மாவுத் தூசியோ சார்ஜிங் துளைக்குள்ளும் ஸ்பீக்கர் வலையிலும் போய் ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், துகள்கள் போனைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். அரிசிக்குள் இரண்டு நாள் கிடக்கும் போனின் உள்ளே அந்த இரண்டு நாளும் துரு ஏறிக்கொண்டிருக்கும். 'ஏதோ வைத்தியம் நடக்கிறது' என்ற நிம்மதியில் நாம் கடைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறோம். அரிசியின்மேல் எனக்கு இருக்கும் முக்கியமான வருத்தம் இதுதான்.

ஹேர் டிரையர், வெயில், அடுப்பருகு, இட்லிப் பாத்திர மூடியின் மேல் வைப்பது, எல்லாமே வேண்டாம். 35 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் ஐபோனைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஆப்பிள். ஹேர் டிரையரின் காற்று அதைவிட மிக அதிகச் சூடு. திரையையும் பின்பக்கத்தையும் ஒட்டியிருக்கும் பசை இளகும், பேட்டரி கெடும், காற்றின் வேகம் நீரை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். வாயால் ஊதுவதும் இதே வேலையைத்தான் செய்யும், கூடவே எச்சில் ஈரமும் சேரும். சார்ஜிங் துளைக்குள் காது குடையும் பட்ஸ், டிஷ்யூ பேப்பர், ஊசி எதையும் விட வேண்டாம். பிரிட்ஜில் வைப்பது இன்னொரு தவறு. வெளியே எடுத்ததும் குளிர்ந்த பாகங்களின் மேல் நம்மூர்க் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும்.

தண்ணீர் போனை எப்படிக் கெடுக்கிறது

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். கடத்துவது அதில் கரைந்திருக்கும் உப்புகள். கடினமான போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் பக்கெட்டில் வெள்ளைப் படிவம் கட்டுகிறதே, அந்த உப்புகளேதான்.

போன் பேட்டரியின் மின்னழுத்தம் 4 வோல்ட் அளவில் இருக்கும். தண்ணீரை மின்சாரம் பிரிக்கத் தொடங்க 1.23 வோல்ட் போதும். ஆக, பேட்டரி இணைந்திருக்கும் போனுக்குள் தண்ணீர் போனால், போர்டின் மேல் ஒரு சின்ன மின்முலாம் பூசும் தொட்டியே இயங்கத் தொடங்குகிறது. நேர்மின் பக்கத்தில் உள்ள செம்பும் வெள்ளீயமும் கரைந்து, எதிர்மின் பக்கத்துக்குப் போய்ப் படிகின்றன. படியும் உலோகம் மெல்லிய வேர் போல வளர்ந்து, தொடக் கூடாத இரண்டு புள்ளிகளைத் தொட்டுவிட்டால் ஷார்ட். மறுபக்கத்தில் கரைந்துபோன தடம் அறுந்துவிடும். கடையில் போனைத் திறந்து காட்டும்போது பச்சையாகப் படர்ந்திருப்பது இந்தச் செம்பின் துருதான்.

மின்சாரம் இல்லாமல் வெறும் ஈரம் இருந்தாலும் துரு பிடிக்கும். ஆனால் அதற்கு நாள்கணக்கு ஆகும். மின்சாரம் ஓடும்போது நிமிடக்கணக்கில் நடந்துவிடும். ஆஃப் செய்த போனிலும் பேட்டரியிலிருந்து, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப்பான பவர் ஐசிக்குப் போகும் சில தடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் போன் விழிக்க வேண்டுமே. அதனால்தான் ஆஃப் செய்வது பாதி வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவதே முழு வேலை என்கிறேன்.

தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் காற்றில் இருக்கும் ஈரத்தை அது மறுபடி மறுபடி இழுத்து, துருவைத் தொடர்ந்து வளர்க்கும். 'காய வெச்சேன், நல்லா ஓடிச்சு, ஒரு மாசம் கழிச்சு திடீர்னு செத்துப்போச்சு' என்று சொல்பவர்களின் போனுக்குள் நடந்தது இதுதான். காய்ந்த போன் வேறு, சுத்தமான போன் வேறு.

எந்தத் தண்ணீர் என்பதுதான் அவசரத்தை முடிவு செய்யும்

மழைத் தூறல், குடிநீர், ஆர்ஓ தண்ணீர் ஆகியவற்றில் உப்பு குறைவு. உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

கடல் தண்ணீர் வேறு கதை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மெரினாவிலோ ராமேசுவரத்திலோ அலையில் நனைந்த போன், நீர்த்தடுப்பு இல்லாத போன் என்றால், அன்றைக்கே திறந்து கழுவப்பட வேண்டும். காய வைத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். உப்பு காய்ந்து பொருக்குக் கட்டிய பிறகு சுத்தம் செய்வது இன்னும் கடினம். ஐபி68 என்ற நீர்த்தடுப்புத் தரம் உள்ள, கீறலோ விரிசலோ இல்லாத, திரை மாற்றப்படாத போன் என்றால், ஆஃப் செய்துவிட்டு வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் மென்மையாக அலசித் துடைக்க வேண்டும். நனைந்த போனை மறுபடியும் தண்ணீரில் காட்டுவதா என்று மனம் வராது. ஆனால் துளைகளின் வாயில் உப்பு காய்ந்து நிற்பதைவிட அது மேல். குழாயை வேகமாகத் திறக்காமல் மெல்லிய ஒழுக்கில் செய்யுங்கள்.

டீ, காபி, பாயசம் என்றால் சர்க்கரையும் பாலும் பசையாக ஒட்டும். பட்டன்கள் இறுகும், ஸ்பீக்கர் அடைக்கும். மோரும் ரசமும் புளிப்பு, உலோகத்தை அரிக்கும். இளநீரில் பொட்டாசியம் உப்பு நிறைய, மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். சோப்புத் தண்ணீருக்குத் துளியாகத் திரண்டு நிற்கும் தன்மை (பரப்பு இழுவிசை) குறைவு என்பதால் சாதாரணத் தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். வாஷிங் மெஷினில் ஒரு சுற்று சுற்றி வந்த போனுக்கு இது ஒரு பக்கம், சுழற்சியில் விழுந்த அடி இன்னொரு பக்கம்.

வெள்ளத் தண்ணீர் எல்லாவற்றிலும் மோசம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் நின்றது சாக்கடை, எண்ணெய், சேறு எல்லாம் கலந்த நீர். அந்த நீரில் கிடந்த போனை நீங்களே கையாளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

'என் போன் ஐபி68, ஒன்றும் ஆகாது' என்பவர்களுக்கு

ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதைவிட அதிகம், எவ்வளவு என்பதை நிறுவனம் சொல்லும். சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசையில் 1.5 மீட்டர், ஐபோன் 12-க்குப் பிறகு வந்த பெரும்பாலான ஐபோன்களில் 6 மீட்டர், இரண்டிலும் 30 நிமிடம். ஐபி54, ஐபி64 என்று போட்டிருந்தால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான், பக்கெட்டில் விழுந்தால் பொறுப்பு இல்லை. அண்மையில் சில நடுத்தர விலைப் போன்களில்கூட வரும் ஐபி69 என்பது அழுத்தமாகப் பீய்ச்சும் சூடான நீரைத் தாங்கும் சோதனை.

இந்தச் சோதனைகள் எல்லாம் புதுப் போனில், ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில் நடக்கின்றன. உங்கள் போன் இரண்டு வருடம் பழையது. நான்கு தடவை கீழே விழுந்திருக்கும். ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றியிருப்பீர்கள், மாற்றியவர் தண்ணீரைத் தடுக்கும் பசைச் சீலை மறுபடி ஒழுங்காகப் போட்டாரா என்பது உங்களுக்குத் தெரியாது. குற்றாலத்தில் அருவிக்கு நேர் கீழே நின்று வீடியோ எடுப்பதற்கும், அசையாத தொட்டியில் போனை இறக்கி வைப்பதற்கும் உள்ள தூரம் பெரியது. வெந்நீர் ஆவி அந்தச் சீலைத் தாண்டிவிடலாம்.

இதில் நீதிமன்றம் வரை போன ஒரு விவகாரம் உண்டு. நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்துவது போலக் கேலக்ஸி போன்களுக்கு விளம்பரம் செய்ததற்காக, 2022 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்கின் அந்நாட்டுக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 2016 முதல் 2018 வரை வந்த விளம்பரங்கள் அவை. அங்கே எழுந்த பிரச்சினையைக் கவனியுங்கள்: நனைந்த போனைத் துளை காயுமுன் சார்ஜ் போட்டால் சார்ஜிங் போர்ட் அரித்துப்போகும் என்பதுதான். நீர்த்தடுப்பு உள்ள போனாகவே இருந்தாலும் சார்ஜிங் துளை திறந்த வாசல். 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டதும் இதே வகை விளம்பரத்துக்காகத்தான். தண்ணீர் தாங்கும் என்று சொல்லி விற்றுவிட்டு, தண்ணீர் பட்டால் வாரண்டி இல்லை என்றது தவறு என்று அந்த ஆணையம் கருதியது.

'ஈரம் உள்ளது' என்று நீர்த்துளிப் படத்தோடு போனே எச்சரித்தால் அதை மதியுங்கள். குறைந்தது அரை மணி நேரம் காற்றோட்டத்தில் வைத்துவிட்டுப் பிறகு முயலுங்கள். முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். துளை மட்டும்தான் ஈரம், உள்ளே எதுவும் போகவில்லை என்று தெரிந்தால் ஒயர்லெஸ் சார்ஜரில் போடலாம்.

உள்ளே போயிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது

சிம் டிரேயை எடுத்த துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல போன்களில் அங்கே வெள்ளை அல்லது வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கேமரா கண்ணாடிக்குள் மூடுபனி, திரைக்கு அடியில் வெள்ளைத் திட்டு, ஓஎல்இடி திரையில் பச்சை அல்லது ஊதாக் கோடு, ஸ்பீக்கரில் தொண்டை கட்டிய குரல் ஆகியவையும் அடையாளங்கள். கேமராவில் மூடுபனி தெரிந்தால் உள்ளே ஈரம் இருப்பது உறுதி, அது தானாக மறைந்தாலும் ஈரம் வெளியேறிவிட்டது என்று அர்த்தமில்லை. வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும்.

எதுவும் தெரியவில்லை, நல்ல தண்ணீர்தான், சில விநாடிகள்தான் என்றால் வீட்டிலேயே காய வைக்கலாம். நிமிர்த்தி, துளை கீழே இருக்கும்படி சாய்த்து, மின்விசிறிக் காற்றில் 24 முதல் 48 மணி நேரம். ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது, அந்தக் காற்று வறண்டது. மழைக்காலத்தில் வீட்டுக் காற்றே ஈரமாக இருக்கும்போது, செருப்புப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் போனோடு மூடி வைப்பது பலன் தரும். பல நாள் வெளியே கிடந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், அதனால் புதிதாக இருப்பது முக்கியம்.

மற்ற எல்லாச் சூழலிலும், அதாவது கடல், வெள்ளம், சோப்பு, டீ, விரிசல் விழுந்த போன், நிமிடக்கணக்கில் மூழ்கிய போன், தானாக அணைந்த போன் என்றால், காய வைப்பதில் காலம் கடத்தாமல் கடைக்குப் போங்கள்.

கடையில் என்ன கேட்க வேண்டும்

கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் போர்டைக் கழுவிப் பழுது பார்ப்பதில்லை, மாற்றுவதுதான் வழக்கம். போர்டு மாறினால் உள்ளே இருந்த படங்களும் போய்விடும். டேட்டா முக்கியம் என்றால் போர்டு வேலை தெரிந்த தனிக்கடைதான் வழி. சென்னையில் ரிச்சி தெரு போல ஒவ்வொரு பெரிய ஊரிலும் அப்படி ஓர் இடம் இருக்கும். மைக்ரோஸ்கோப், டிசி பவர் சப்ளை, அல்ட்ராசோனிக் தொட்டி (ஒலி அதிர்வால் கழுவும் தொட்டி) மேசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் அங்கே போர்டு வேலை நடக்கிறது.

"அண்ணா, முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டிடுங்க. போர்டை வெளிய எடுத்து ஐபிஏ-ல கழுவுவீங்களா, இல்ல ப்ளோயர்ல காய வெக்கிறது மட்டும்தானா?" என்று கேளுங்கள். பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். ஐபிஏ என்பது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 99 சதவீதம் சுத்தமானது வேண்டும். தண்ணீரைத் தன்னோடு கலந்து இழுத்துக்கொண்டு, மிச்சமில்லாமல் ஆவியாகிவிடும். உப்புப் படிவத்தை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கரைக்க வேண்டும், உலோக மூடிகளைத் திறந்து அடியிலும் பார்க்க வேண்டும். ஹாட் ஏர் ப்ளோயரில் போர்டைச் சூடு காட்டித் திருப்பிக் கொடுப்பது சுத்தம் செய்வதாகாது. தின்னர், பெட்ரோல் பயன்படுத்தும் கடை என்றால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கழுவிய பிறகு மல்டிமீட்டரில் ஷார்ட் பார்ப்பார்கள். பெரும்பாலும் சார்ஜிங் சப் போர்டு (சார்ஜிங் துளை இருக்கும் சின்ன போர்டு), ஸ்ட்ரிப் (போர்டுகளை இணைக்கும் பட்டை ஒயர்), டிஸ்ப்ளே கனெக்டர், சார்ஜிங் ஐசி ஆகியவற்றில் ஏதாவது போயிருக்கும். சப் போர்டு மாற்றுவது சின்ன வேலை. சிபியு, மெமரி பக்கம் போயிருந்தால் செலவு கூடும், உறுதியும் குறையும். எந்தப் பாகம் மாற்றப் போகிறார் என்பதையும், சரியாகவில்லை என்றால் எவ்வளவு வாங்குவார் என்பதையும் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். 'டேட்டாதான் வேணும், போன் இல்லாட்டியும் பரவால்ல' என்றால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அப்போது பழைய டிஸ்ப்ளே ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி, படங்களை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் உயிர் கொடுத்தால் போதும். செலவு வெகுவாகக் குறையும்.

தண்ணீர் புகுந்த பேட்டரியை மாற்றச் சொன்னால் மறுக்காதீர்கள். சிம், மெமரி கார்டைக் கொடுக்க வேண்டாம். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்தே வேலையைப் பாருங்கள்.

வீட்டிலேயே வீடியோ பார்த்துத் திறக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பின்பக்கம் ஒட்டியிருக்கும் போனை முதல்முறையாகத் திறக்கும்போது கத்தி பேட்டரியில் குத்துவது சர்வசாதாரணமாக நடக்கும். நனைந்த போனில் அந்தப் பயிற்சி வேண்டாம்.

படங்களும் எண்களும்

முன்பெல்லாம் செத்த போனின் மெமரி சிப்பைப் பிரித்தெடுத்து வேறு கருவியில் படிப்பார்கள். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோன்களிலும் டேட்டா முழுவதும் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சாவி அதே போனின் சிப்புக்குள் இருக்கிறது. அந்த போர்டு உயிரோடு எழுந்து, நீங்கள் பின் நம்பர் போட்டால்தான் திறக்கும். 'மெமரியை மட்டும் எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆகவே போன் மறுபடி எரிந்த அந்த நிமிடம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆன் ஆனதும் ஸ்பீக்கர் பாடுகிறதா, கேமரா தெளிவாக இருக்கிறதா என்று சோதிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கைவசம் இருக்கும் சார்ஜிலேயே கணினியோடு இணைத்தோ வைஃபையில் ஏற்றியோ படங்களை எடுங்கள். அப்புறம் வாட்ஸ்அப் பேக்கப், எண்கள், குறிப்புகள், ஓடிபி ஆப். குழந்தையின் படங்கள், மறைந்தவர்களின் குரல் பதிவுகள் என்று திரும்பக் கிடைக்காதவை எவையோ அவற்றுக்கு முதலிடம். மறுநாள் அந்த போன் எழும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

போன் எழவில்லை என்றாலும் கையைப் பிசைய வேண்டாம். சிம்மை வேறு போனில் போட்டால் அழைப்பும் ஓடிபியும் உடனே வரும். இ-சிம் என்றால் நிறுவனத்திடம் மறுபடி வாங்க வேண்டும். யூபிஐ செயலியை அந்த போனில் நிறுவினால், அதே சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போய்ச் சரிபார்க்கும். முதல் நாள் அனுப்பும் தொகைக்கு வரம்பு இருக்கலாம், மருத்துவமனை, பயணம் போன்ற அவசரச் செலவு இருந்தால் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள், போன் நன்றாக இருக்கும்போதே மாற்றுக் குறியீடுகளை (பேக்கப் கோட்) எழுதி வீட்டில் வைத்திருப்பது நல்லது. இல்லையென்றால் நுழைய அனுமதி கேட்கும் செய்தி செத்த போனுக்கே போய்க்கொண்டிருக்கும்.

வாரண்டி, இன்சூரன்ஸ்

சாதாரண வாரண்டியில் தண்ணீர்ச் சேதம் சேராது, ஐபி68 போனாக இருந்தாலும் சரி. தனியாகப் பணம் கட்டி எடுத்த ஆப்பிள்கேர் பிளஸ், சாம்சங் கேர் பிளஸ் போன்ற திட்டங்களில் சேரும், ஒவ்வொரு முறையும் ஒரு தொகை கட்ட வேண்டும். இப்படி ஏதாவது திட்டம் உங்களிடம் இருந்தால், தனிக்கடையில் திறப்பதற்கு முன் அங்கே தகவல் சொல்லிவிடுங்கள். வெளியில் திறந்த போனுக்கு உரிமை கோர முடியாமல் போகலாம். பில்லும், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐயும் தேவைப்படும். அந்த எண் போன் வந்த பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

பிழைத்து வந்த பிறகு

முதல் முறை சார்ஜ் போடும்போது பக்கத்திலேயே இருங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை தொட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சூடு, விட்டு விட்டு ஏறும் சார்ஜ், தானாக ரீஸ்டார்ட் ஆவது ஆகியவை தெரிந்தால் பிடுங்கிவிட்டு மறுபடி கடைக்குக் கொண்டுபோங்கள். இரவு முழுவதும் தலைமாட்டில் சார்ஜ் போடும் பழக்கத்தை, இந்த போனுக்காவது நிறுத்துங்கள். ஸ்பீக்கர் மட்டும் கரகரத்தால், தாழ்ந்த சுருதியில் ஒலி எழுப்பி நீரை வெளியேற்றும் ஆப்கள் ஓரளவு உதவும். ஆனால் அவை ஸ்பீக்கர் வலையில் நிற்கும் தண்ணீருக்கு மட்டும்தான். ஒருமுறை உள்ளே நனைந்து, திறந்து மூடிய போனுக்கு இனி நீர்த்தடுப்பு இல்லை என்று வைத்துக்கொண்டு நடத்துங்கள்.

அடுத்த சில மாதங்களில் பின்பக்கம் கொஞ்சமாகத் தூக்கினாலோ, திரையின் ஓரம் பிரிந்தாலோ பேட்டரி உப்புகிறது என்று பொருள். அழுத்தி மூடப் பார்க்காமல், சார்ஜ் போடாமல், பேட்டரியை மாற்றுங்கள். போன் இனித் தேறாது என்றானால் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், குப்பை வண்டியின் நசுக்கலில் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். கொடுக்கும் முன் வேறு சாதனத்திலிருந்து உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கைத் திறந்து, சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்தப் பழைய போனை நீக்கிவிடுங்கள்.